பெட்டியில் போகும் விமானம்: பேட்டைப் பட்டறைக் குறிப்புகள்

ஒரு விமானத்தைச் செய்து பறக்கவிடுவது ஒரு தொழில். அதே விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து, முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொள்ளும்படி அனுப்புவது வேறு தொழில். முதலாவதில் தேறியவர்கள் இரண்டாவதிலும் தேறுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறை இப்போது இரண்டாவதில் இறங்கியிருக்கிறது. தகடு, ரிவெட், ஜிக் (பாகங்களை அளவு மாறாமல் பிடித்துவைக்கும் சட்டம்) என்று புழங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்தவற்றைக் குறித்து வைக்கிறேன்.

முதலில் விமானம். இரண்டு பேர் அருகருகே உட்காரும் உயர் இறக்கை வகை. இருபுறமும் ஸ்ட்ரட் என்னும் சாய்வுக் கம்பம் இறக்கையைத் தாங்குகிறது. உடலும் இறக்கையும் 6061-டி6 அலுமினியத் தகடு. எஞ்சின் ரோட்டாக்ஸ் 912, 80 குதிரைத் திறன். உச்ச எடை 450 கிலோ. வடிவமைத்தவர் பெங்களூரில் விமானத் துறையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய ஒரு பெரியவர். மாதிரி விமானத்தின் பெரும்பகுதியைக் கையால் செய்தவர் எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சி. உரிய அனுமதிகளை வாங்கி, வெளியூர் ஓடுதளம் ஒன்றில் அது பறந்தும் விட்டது.

அனுமதி விஷயத்தில் ஒரு வார்த்தை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏயின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது. அதிலும் எங்கள் மாவட்டத்தில் கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். "நம் விளையிலேயே ஓடுதளம் போட்டுவிடலாமே" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இந்த மூன்று பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன்.

மாதிரியிலிருந்து தயாரிப்புக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா விமானம் முதலில் பறந்தது 1993-இல். ஹன்சா-3 என்ற வடிவத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது 2000-இல். அதன் புதிய வடிவமான ஹன்சா என்ஜி 2021-இல்தான் வானேறியது. அதே பெங்களூரிலிருந்து ராஜ் ஹம்சா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்ற குழாயும் துணியுமான எளிய விமானத்தைக் கிட்டாகவே, அதாவது வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பாகவே செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. பெரியவர் இரண்டையும் அருகில் இருந்து பார்த்தவர். எங்களுக்கு ஹன்சாவின் தகுதியும் வேண்டாம், எக்ஸ்-ஏரின் எளிமையும் போதாது, நடுவில் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. நடுவில் நிற்பவனுக்குத்தான் இரண்டு பக்கமும் வேலை என்பதை அவர் சொல்லவில்லை.

ஓட்டைதான் சரக்கு

மாதிரி விமானத்தில் இறக்கைத் தகட்டை ரிப்புகளின் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) மேல் விரித்து, கிளெக்கோ என்னும் தற்காலிகப் பிடிப்பான்களால் இறுக்கி, இரண்டையும் சேர்த்தே துளையிட்டோம். அப்படிச் செய்தால் தகட்டு ஓட்டையும் ரிப்பு ஓட்டையும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு ரிப்பு இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றாலும் அது வெளியே தெரியாது. விமானம் அந்த விலகலை மன்னித்துவிடும்.

கிட் மன்னிக்காது. அதில் தகடும் ரிப்பும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையில், முழு அளவுத் துளையோடு பிறக்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. வாங்கியவர் வீட்டில் முதல்முறையாகச் சேரும்போது 3.2 மில்லிமீட்டர் ரிவெட் 3.3 மில்லிமீட்டர் துளைக்குள் போயாக வேண்டும். கையில் இருக்கும் இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர்.

ஓரெகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் இந்த முறையில்தான் பெயரெடுத்தது. அவர்களுடைய ஆர்வி வகை விமானங்கள் பதினோராயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. கணினி இடும் துளைகள் வந்த பிறகு, கட்டுபவருக்குப் பெரிய ஜிக்கே தேவைப்படாமல் போயிற்று. துளைகள் நேராகச் சேர்ந்தால் இறக்கையும் நேராக நிற்கும். அதாவது ஜிக்கை வாடிக்கையாளர் வீட்டிலிருந்து தயாரிப்பாளர் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆகவே எங்களுடைய முதல் வேலை, அண்ணாச்சியின் கையில் இருந்த விமானத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது. வரைபடம் இருந்தது, ஆனால் பறந்தது வரைபடத்தில் இருந்த விமானம் அல்ல. மாதிரியைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் அளந்தபோது, வால் பகுதியின் ஒரு பிராக்கெட் வரைபடத்தைவிட நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருந்தது.

"அண்ணாச்சி, இதை எந்தக் கணக்கில் கூட்டினீர்கள்?"

"கணக்கெல்லாம் இல்லை தம்பி. கேபிள் உரசும் போலத் தெரிந்தது. கூட்டிவிட்டேன்."

கேபிள் உரசியிருக்கும் என்பது உண்மைதான். வரைபடப்படி செய்திருந்தால் ஒவ்வொரு கிட்டிலும் உரசியிருக்கும். இப்படி அவர் போகிற போக்கில் திருத்திய இடங்கள் ஒரு நோட்டு நிறைய வந்தன. அந்த நோட்டுதான் இந்தத் திட்டத்தின் மிக விலை உயர்ந்த ஆவணம். அதற்கு மேலட்டைகூடக் கிடையாது.

சித்திரை வெயிலும் நாலு மீட்டர் தகடும்

துளைகளைச் சரிபார்க்க இரும்புச் சட்டத்தில் ஒரு நீளமான ஜிக் செய்திருந்தோம். காலையில் அதில் உட்கார்ந்த இறக்கைத் தகடு பிற்பகலில் உட்காரவில்லை. அடிப்பக்கத் துளைகள் சேரும். நுனிப்பக்கம் போகப் போக, துளையின் விளிம்பில் பிறை வடிவில் இரும்பு எட்டிப் பார்க்கும்.

காரணம் பள்ளிக்கூடப் பாடம்தான். அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு மீட்டருக்கு 0.023 மில்லிமீட்டர் விரிகிறது. இரும்பு ஏறக்குறைய அதில் பாதி, 0.012. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதக் காலைக்கும் பிற்பகலுக்கும் பதினைந்து பாகை வித்தியாசம் சாதாரணம். நாலு மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் அலுமினியம் 1.38 மில்லிமீட்டர் நீள்கிறது, இரும்பு 0.72. வித்தியாசம் 0.66. நம் கையில் இருந்த இடைவெளியோ 0.1.

இதற்கு மூன்று மாற்றங்கள் செய்தோம். இரும்பு ஜிக்கைத் தாங்குசட்டமாக மட்டும் வைத்துக்கொண்டு, அளவு காட்டும் பட்டையை அதே 6061 அலுமினியத்தில் செய்தோம். அந்தப் பட்டையை அடிப்பக்கத்தில் மட்டும் பூட்டி, நுனியை நீள்துளையில் நகரவிட்டோம். அளவெடுக்கும் வேலை முழுவதையும் காலை எட்டு மணிக்கு முன் வைத்துக்கொண்டோம். முந்தின இரவே தகடும் பட்டையும் ஒரே அறையில் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். கட்டுபவருக்கான கையேட்டிலும் ஒரு வரி சேர்த்தோம்: வெயிலில் கிடந்த தகட்டை நிழலில் கிடந்த ரிப்பில் பூட்டாதீர்கள். ஐம்பத்தைந்து பாகை தகடும் முப்பத்திரண்டு பாகை ரிப்பும் சந்தித்தால் எந்த ஜிக்கும் காப்பாற்றாது. ஐரோப்பியக் கையேடுகளில் இந்த வரியை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சித்திரை கிடையாது.

மயில் செதுக்கும் இயந்திரம்

தகடு வெட்ட லேசர்தான் வேகம், விலையும் குறைவு. கோயம்புத்தூருக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். பெரியவர் ஒப்பவில்லை. லேசர் உருக்கி வெட்டுகிறது. விளிம்பில் உருகி உறைந்த மெல்லிய படலம் இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். நாம் மேலே சொன்ன வான்ஸ் நிறுவனமே இதில் அடிபட்டது. தேவை பெருகிய காலத்தில் சில பாகங்களின் துளைகளை லேசரில் வெட்டி வாங்கினார்கள். ரிவெட் தலை உட்கார அந்தத் துளையின் விளிம்பைக் குழிவாக அழுத்தும்போது (டிம்பிள் என்பார்கள்) சிலவற்றில் விரிசல் விட்டது. 2023-இல் பாகங்களைத் திரும்பச் செய்துதர வேண்டிய நிலை; வேறு நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, அந்த டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரினார்கள். 2024-இல் விலையை ஏற்றி, மறுசீரமைத்து மீண்டார்கள். அரை நூற்றாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே ஒரு துளையின் விளிம்பு இவ்வளவு செய்யும் என்றால் பேட்டைக்காரர்கள் எம்மாத்திரம்?

பிறகு கண்ணில் பட்டது பக்கத்துத் தெரு. வாசல் கதவுகளில் மயிலும் கஜலட்சுமியும் செதுக்கும் சிஎன்சி ரூட்டர் அங்கே பகலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. மரத்துக்கான இயந்திரம்தான், ஆனால் ஒற்றை விளிம்பு வெட்டுமுனை போட்டு, கீழே பலி கொடுக்க ஒரு பலகை வைத்து, துளி துளியாக மண்ணெண்ணெய் விட்டால் 0.63 மில்லிமீட்டர் அலுமினியத்தை அழகாக வெட்டுகிறது. சூடு இல்லை, உருகல் இல்லை. பிசிர் மட்டும் உண்டு. அதைக் கையால் எடுக்க வேண்டும். கதவுக்காரர் முதலில் தயங்கினார், அலுமினியத் தூள் மரத்தில் ஏறினால் வார்னிஷ் பூசும்போது தெரியும் என்று. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது. ராத்திரியே இயந்திரத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

தகட்டைச் சிக்கனமாக வெட்டுவதற்காக மென்பொருள் பாகங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கும். அங்கே கண் வைக்க வேண்டும். உருட்டிய தகட்டுக்கு மரத்தைப் போலவே ஓட்டம் உண்டு. மடிப்புக்கோடு அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே போனால் நல்லது. ஓட்டத்தோடு போனால் 6061-டி6 மடிப்பின் வெளிப்புறத்தில் வெடிக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் மடிப்பின் முதுகில் வெள்ளை வெள்ளையாக, மயிரிழையில் கோடுகள். கையால் தடவினால் தெரியாது. மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தகடு வெறும் செவ்வகம். மடிப்பு உள்ள பாகங்களைத் திருப்பக் கூடாது என்று பூட்டு போட்டோம். தகடு கொஞ்சம் கூடுதலாக வீணாகிறது, ஆகட்டும்.

தகட்டை வாங்கும்போதே ஆலைச் சான்றிதழும் தொகுதி எண்ணும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. பார்வைக்கு எல்லா அலுமினியமும் ஒன்றுதான். பாத்திரக்கடைத் தகட்டையும் விமானத் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னால்கூடச் சொல்ல முடியாது, கடினமானி சொல்லும்.

ரிப்புகளும் அண்ணாச்சியின் குறடும்

ரிப்பின் விளிம்பை மடித்தால் வளைவான இடத்தில் உலோகம் மிஞ்சும். மிஞ்சியது போக இடமில்லாமல் முழு ரிப்பையும் வாழைப்பழமாக வளைத்துவிடும். அதை நிமிர்த்த, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் குறடால் சிறு சுருக்கம் கொடுப்பார்கள். மாதிரி விமானத்தில் இந்த வேலை முழுக்க அண்ணாச்சி. ரிப்பை மேசைக்கண்ணாடி மேல் வைப்பார், ஒரு கண்ணை மூடுவார், ஒரு சுருக்கம் கொடுப்பார், மறுபடி வைப்பார். கண்ணாடிக்கும் ரிப்புக்கும் நடுவில் காகிதம் நுழையாத வரை விடமாட்டார். பார்க்கப் பரவசமாக இருக்கும். விலை போட்டால் அழுகை வரும்.

தயாரிப்புக்கு ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றில் யூரித்தேன் மெத்தையைப் பொருத்தி, வேங்கை மர அச்சின் மேல் தகட்டை வைத்து அழுத்துகிறோம். அச்சைச் செய்தவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து ஆசாரி. சுருக்கம் விழ வேண்டிய இடங்களை அச்சிலேயே குழிவாகச் செதுக்கிவிட்டார். அண்ணாச்சியின் சுருக்கங்களை மாதிரி ரிப்பிலிருந்து அளந்து, அதே இடத்தில், அதே ஆழத்தில். மடிப்பு தானாகப் பின்வாங்கும் என்பதால் அச்சின் விளிம்பை நேர்க்கோணத்துக்கு மேல் நாலைந்து பாகை உள்வாங்க வைத்தோம். ரிப்பு அச்சிலிருந்து வந்ததும் ஏறக்குறைய நேராகவே நிற்கிறது. அண்ணாச்சி இன்னமும் ஒவ்வொன்றையும் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார். குறடு சட்டைப்பையில்தான் இருக்கிறது. வெளியே வருவது அபூர்வம்.

மல்லாக்கப் போட்ட இறக்கை

மாதிரியின் இறக்கை சுமைச் சோதனையில் தேறியது. அது போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. ரிப்பின் மடிப்பு முறை மாறியிருக்கிறது, துளையிடும் முறை மாறியிருக்கிறது. வாடிக்கையாளர் பறக்கப்போவது புதிய இறக்கையில்.

கணக்கு இப்படி. இந்த வகைச் சிறு விமானத்துக்கு வரம்புச் சுமை 4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு; அதற்கு மேல் ஒன்றரை மடங்குப் பாதுகாப்பு, ஆக 6 ஜி. 450 கிலோவில் இரண்டு இறக்கைகளின் எடை 70 கிலோவைக் கழித்தால் 380. ஆறால் பெருக்கினால் 2,280. ஓர் இறக்கைக்கு 1,140. இறக்கையை மல்லாக்கப் போட்டு மேலே பாரம் ஏற்றும்போது அதன் சொந்த எடை 35 கிலோவும் அதே திசையில் இழுக்கிறது. அதைக் கழித்தால் 1,105. இருபது கிலோ மூட்டையாக ஐம்பத்தைந்து.

எம்-சாண்ட் நிரப்பினோம். மணல் ஈரமாக இருந்தால் காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை. எனவே சோதனை நாளன்றே நிறுத்து, மூட்டை மேல் எடையை எழுதினோம். அடிப்பக்கம் அதிகம், நுனியில் குறைவு என்று காற்று தூக்கும் விதத்தில் அடுக்க வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் அது சோதனை அல்ல, வதை. நுனிக்குக் கீழே ஓர் அளவுகோல், பிடிப்பிடங்களில் டயல் மானி, கீழே ஆள் யாரும் போகாதபடி கயிறு.

4 ஜி சுமைக்கு உரிய 725 கிலோ ஏறியபோது, ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்துக்கும் அடிக்கும் நடுவில் தகட்டில் சாய்வாகச் சுருக்கங்கள் எழுந்தன. பேட்டை ஐடிஐயிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன்கள் பின்வாங்கினார்கள். பெரியவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மெல்லிய தகடு அப்படித்தான் சுமையைத் தாங்கும், சாய்வாக இழுபடும். பார்க்க வேண்டியது மூட்டைகளை இறக்கிய பிறகு சுருக்கம் மறைகிறதா என்பதை. மறைந்தது. டயல் மானி பழைய இடத்துக்கு வந்தது. ரிவெட் தலைகளைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பார்த்தோம். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கருப்பாக அலுமினியப் பொடி படியும். எதுவும் இல்லை.

பிறகு மறுபடி ஏற்றி 6 ஜி. அந்தச் சுமையை மூன்று வினாடி தாங்கினால் போதும் என்பது தரநிலை. எங்கோ உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, யாரும் பேசவில்லை. மூட்டைகளை நுனியிலிருந்து இறக்கி, ஆய்வுத் துளை வழியாக விளக்கு விட்டுப் பார்த்ததில் ஒரு ரிப்பின் பின்பகுதிச் சுருக்கம் ஆழமாக மடிந்திருந்தது. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரும் பிடிப்புகளும் அப்படியே இருந்தன. 6 ஜியில் நிரந்தரமாக வளையலாம், முறியக் கூடாது. அந்த இறக்கை இனிப் பறக்காது. பட்டறைச் சுவரில் மாட்டலாம் என்றார்கள். நான் வெட்டிப் பழைய உலோகத்துக்குப் போடச் சொன்னேன். அழகாக இருக்கும் சோதனை இறக்கை என்றாவது ஒருநாள் யார் கையிலாவது விமானமாகிவிடும்.

எடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தயாரிப்புப் பாகங்களால் கட்டிய முதல் விமானம் மாதிரியைவிட ஒன்பது கிலோ கூடுதல். எல்லாப் பாகத்துக்கும் துருத்தடுப்புப் பூச்சு, நீளமான வயர், கொஞ்சம் தடித்த எஞ்சின் மூடி. ஒன்பது கிலோ என்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கான பெட்ரோல். மூடியில் மட்டும் பாதியை மீட்டோம். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். கண்ணாடி இழையில் பிசினை எவ்வளவு குறைவாக விடலாம் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிப்பதால் அவர்களுக்கு உயரத்தில் வேலை குறைவு. எங்கள் மூடிகள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் பிறந்தவை.

பெட்ரோல் என்னும் வில்லங்கம்

மாதிரியை வடிவமைக்கும்போது இருந்த பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் வரும் பெட்ரோல் வேறு. 20 சதவீத எத்தனால் கலப்பு நாடெங்கும் வந்துவிட்டது. ரோட்டாக்ஸ் 912-க்கு உற்பத்தியாளர் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். மறுபக்கம் ஏவிகாஸ் 100 எல்எல் என்னும் விமானப் பெட்ரோல். 2022-இல் இந்தியன் ஆயில் அதை வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் அது கிடைக்கும் இடங்கள் குறைவு, விலை அதிகம், அதில் உள்ள ஈயத்தால் இந்த எஞ்சினில் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மாதிரியில் கண்ணாடி இழைத் தொட்டி இருந்தது. எத்தனால் சில பிசின்களை மெல்ல இளக்கும். இளகியது கார்பரேட்டரில் போய்ப் படியும். அதனால் கிட்டில் அலுமினியத் தொட்டி. குழாய்கள், அடைப்புப் பசை எல்லாமே எத்தனால் தாங்கும் வகை. இதற்குக் காசு கூடியது. பெரியவருக்கு வருத்தம், எனக்கு இல்லை.

கிட்டோடு ஒரு சோதனைக் குழாயும் கொடுக்கிறோம். 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி நிமிர்த்தி வைத்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் படலம் 10-லேயே நின்றால் கலப்பில்லை. நம் ஊர்ப் பங்கில் பிடித்ததைக் குலுக்கினால் அது ஏறி ஏறி 28-க்குப் பக்கத்தில் நிற்கிறது. கோடு ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அதற்குப் பிறகு எச்சரிக்கை வாசகம் எதுவும் தேவைப்படுவதில்லை.

வாத்தியார் கட்டிய வால்

கையேடு எழுதியவன் அதைச் சோதிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார் ஒருவரையும், ஐடிஐ முடித்த அவருடைய மருமகனையும் கூப்பிட்டு, வால் பகுதிக் கிட்டைக் கொடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான்: நாங்கள் பக்கத்தில் உட்காருவோம், வாய் திறக்க மாட்டோம். அண்ணாச்சிக்கு அது சித்திரவதை. பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே பக்கத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். வாத்தியார் ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சார், இடது என்றால் விமானத்துக்கு இடதா, என் இடதா?" என்று கேட்டார். விமானத்தில் உட்கார்ந்து முன்னே பார்ப்பவரின் இடது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; எழுதியவர் எவரும் அதை எழுதவில்லை. அடுத்த அரை மணியில் மருமகன் ஒரு ரிப்பைத் தலைகீழாகப் பூட்டினார். துளைகள் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தன. அதுதான் கோளாறு: தவறாகப் பூட்டினாலும் சேரும்படி துளைகளைச் சமச்சீராக வைத்திருந்தது வடிவமைப்பு. இப்போது அந்த ரிப்புகளில் ஒரு துளையை மட்டும் நாலு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம். திருப்பிப் போட்டால் சேராது. கையேட்டில் ஒரு பக்க எச்சரிக்கை எழுதுவதைவிட அந்த ஒற்றைத் துளை மேல்.

எல்லாவற்றையும் நாமே பூட்டிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் சொந்தமாகக் கட்டியது என்ற பிரிவில் பதிவாக வேண்டுமானால் வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவர் செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். வாங்குபவரின் சிரமத்தைக் குறைக்கலாம். அவருடைய வேலையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

பொட்டலம் கட்டும் அக்கா

போல்ட், நட், வாஷர், ரிவெட் பொட்டலங்களைக் கட்டுகிறவர் முக்கூடல் அக்கா. வருடக்கணக்கில் பீடி சுற்றியவர். எண்ணுவதில் அவர் விரலுக்கு இணை இல்லை. தராசு சொன்னதை ஏற்காமல் கையால் எண்ணி, தராசைப் பொய்யாக்கியிருக்கிறார். எண்ணிக்கை அல்ல, நீளம்தான் அங்கே பிரச்சினை. ஏஎன்3 என்ற விமான வகை போல்ட்டில் நீளத்தைக் குறிக்கும் எண் ஒன்று தள்ளினால் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மாறும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

தீர்வு அக்காவுடையது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு மரப்பலகை. பொட்டலத்தில் போக வேண்டிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான ஆழத்தில் ஒரு குழி. குழி காலியாக இருந்தால் ஒன்று குறைகிறது. ஒரு தலை மட்டும் தூக்கி நின்றால் நீளம் தப்பு. பள்ளத்தில் போனாலும் தப்பு. உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் பையில் கொட்டுகிறார். "இதற்கு எதற்கு அண்ணாச்சி கம்ப்யூட்டர்?" என்று என்னைக் கேட்டார். பலகைகளின் பின்புறம் பொட்டல எண்ணும், திருத்த எண்ணும் எழுதியிருக்கிறது. வரைபடம் மாறினால் பழைய பலகையை அன்றே உடைத்து அடுப்புக்குப் போட வேண்டும் என்பது சட்டம்.

பெரிய பெட்டிக்குப் பக்கங்கள் பிளைவுட். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போவதானால் அடிக்கட்டைகளுக்கு வெப்பமூட்டியதற்கான முத்திரை வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு அந்த விதி கிடையாது. தகடுகளுக்கு நடுவில் பத்தமடைக் கோரைப்பாய் போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. பாய் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஒட்டிக் கிடக்கும் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஈரம் நின்றால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் நுரைத்தாள், ஈரம் உறிஞ்சும் பொட்டலம். தகட்டின் மேல் ஆலை ஒட்டி அனுப்பும் நீலத் தாளையும் பெட்டிக்குப் போகுமுன் உரித்துவிடுகிறோம். உரிக்காமல் விட்டால் வெயிலில் பசை வெந்து, பிறகு தாளோடு தகட்டின் தோலும் வரும்.

ஐப்பசி மழைக்கு முன் அடுத்த வால் பெட்டியும் இறக்கைப் பெட்டியும் கிளம்ப வேண்டும். எஞ்சின் தாங்கிக்கான ஜிக் இன்னும் பாக்கி. அது 4130 எஃகுக் குழாய் வெல்டிங். குளிரும்போது குழாய் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அண்ணாச்சிக்கும் வெல்டருக்கும் நடுவில் தீராத வழக்கு. இரண்டு துண்டு ஒட்டிப் பார்த்து அளந்துகொண்டிருக்கிறோம். அந்தக் கணக்கு கையில் வந்ததும் எழுதுகிறேன்.